ஆளில்லாத படம்

தொண்ணூறுகளில் நான் இரத்தினபுரியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். அங்கே ஒரு வெளிநாட்டுக் கலண்டர் தொங்கியது. பனிப்பாறை, எரிமலை கக்கி ஆறிய கறுப்பு மண், இடையில் ஓடும் தண்ணீர். எதிலும் மரமோ மனிதனோ இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குவதா, காததூரம் கிடப்பதா என்று சொல்லவே முடியாது. எனக்கு அதில் பைத்தியம். வருஷம் முடிந்ததும் கேட்டு வாங்கிப்போய், தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், எங்கள் காம்பராச் சுவரில் மாட்டினேன்.

"ஆளே இல்லாம என்னாடா படம்?" என்றார் அப்பா.

எங்கள் தோட்டத்தில் படம் என்றால் கல்யாணம், சடங்கு, அடையாள அட்டை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பெற்ற அப்பாதான், என்ன செய்வது.

அடுத்து வந்த மழை விடவேயில்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில் மண் வெடித்தது. எங்களை வேறு இடத்தில் குடிவைக்கச் சொல்லி அப்பா தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனார். மேலிடத்துக்கு அனுப்பப் படம் எடுத்து வரச் சொன்னாராம் துரை. எனக்கு அடித்தது யோகம்! ஸ்டூடியோ கமராவை இரவல் வாங்கி வந்தேன். வெடிப்பின் கரிய விளிம்பு, உள்ளே தேங்கிய தண்ணீர், தண்ணீரில் வெள்ளை வானம். கலண்டர்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான்.

துரை படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷோக்கா இருக்கு. இது எந்த நாடு?"

"நம்ம லயத்துக்குப் பின்னாலங்க தொரை" என்றார் அப்பா.

துரை நம்பவில்லை. வெடிப்பு இவ்வளவுதானே இருக்கும் என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினார். திரும்பும் வழியெல்லாம் அப்பா என்னை விட்டு முன்னால் வேகமாக நடந்தார்.

விஷயத்தைக் கேட்ட அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார். நேரே மேட்டுக்கு ஏறி வெடிப்புக்குள் இறங்கி நின்றார். இடுப்புக்குக் கீழே ஆளைக் காணோம்.

"எடு."

"ஏறி வாம்மா, மண்ணு சரிஞ்சிரும்!"

"ராவானா இதுக்குக் கீழதானே படுக்குறோம்? எடுடா."

எடுத்தேன்.

அந்தப் படத்தைத் துரை உடனே மேலிடத்துக்கு அனுப்பினார். அந்த வாரமே லயத்துக் குடும்பங்களையெல்லாம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு விடியற்காலை மேடு அப்படியே இறங்கி லயத்தின்மேல் உட்கார்ந்தது. என் கலண்டரும் அதற்குள் போனது.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். கறுப்பு மண். நடுவில் ஒரு தண்ணீர்க் கோடு. வேறொன்றுமில்லை. அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எடுடா, ஆளில்லாத படம்."