கோட்டை வாசலில் ஒரு பட்டினி

டெர்வ்லாவுக்கு யாராவது தீங்கு செய்தால் அவள் மறப்பதில்லை. மன்னிப்பதும் இல்லை. ஞாயிறுதோறும் பூசைக்குப் போய் மன்னிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான். லீட்ரிம் என்கிற எங்கள் ஐரிஷ் மாவட்டத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒருமுறை பஸ்ஸுக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்தி அரட்டை அடித்த பண்ணைக்காரனுக்கு இன்றுவரை விரல் தூக்கியதில்லை. எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்காமல் போனால் அது லேசான பகை இல்லை.

சனி ஞாயிறுகளில் அவள் ஆயிரத்து இருநூறு வருடம் பின்னால் போய்விடுவாள். ஏரிக்கரையில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து கட்டிய மண்கோட்டை இருக்கிறது. வட்டமாக மண்கரை, உள்ளே குச்சி பின்னிய சுவரும் நாணல் கூரையுமாக மூன்று வீடுகள். பழைய சுவடிகளைப் படித்தும், சதுப்பு நிலத்தில் தோண்டியெடுத்த துண்டு துணுக்குகளைப் பார்த்தும், அந்தக் காலத்து ஆட்கள் செய்த மாதிரியே எல்லாம் செய்வோம். யாராவது சட்டையில் மெஷின் தையல் தெரிந்தால் போதும், அந்த ஆளை ஒரு வருடம் ஓட்டுவோம். டெர்வ்லாவுக்கும் அவள் தம்பி லாக்லனுக்கும் தோல் வேலை.

எங்கள் கோட்டைக்கு ராஜா ஃபின்டன். தேர்தல் வைத்து வந்த பதவி இல்லை, நிலம் அவன் மாமனாருடையது. நீதிபதியும் அவனே. சுற்றுலா பஸ் வந்து நின்றால் கோட்டை வாசலில் நின்றுகொண்டு பழைய சட்டத்தை வாய் கிழியப் பேசுவான்.

"பெரிய மனுஷன் ஒருத்தன் உனக்கு அநியாயம் பண்ணிட்டான்னு வெச்சுக்கோ. அவன் வாசல்ல போய்ப் பட்டினி கெடப்ப. நீ பட்டினி கெடக்கிற வரைக்கும் அவனும் வாயில எதையும் வைக்கக் கூடாது. வெச்சா மானம் போச்சு. அப்புறம் அவன் பேச்சை ஒருத்தனும் கேக்க வேண்டியதில்ல. செஞ்சதுக்கு ஈடு கட்டுறேன்னு ஒரு பொருளைப் பிணையா குடுத்தாத்தான் தப்பிப்பான். அதுவும் யாருக்கு அநியாயம் நடந்துதோ அவன் கையிலயே குடுக்கணும்!"

கைதட்டுவார்கள். டெர்வ்லாவும் பல வருடம் ஓரமாக நின்று தட்டியிருக்கிறாள்.

போன கோடைக்கு முந்திய கோடைக்கென்று அக்காவும் தம்பியும் எருதுத் தோலில் ஒரு படகு செய்தார்கள். ஓக் பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் பதப்படுத்தி, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, குளிர்காலம் முழுக்க அதிலேயே கிடந்தார்கள். கடைசி வேலை பாக்கி இருந்தது. தையல் ஓட்டைகளில் கொழுப்பை உருக்கிப் பூசி ஊற விட வேண்டும். அதற்கு நல்ல வெயில் வேண்டும். லீட்ரிமில் வெயிலுக்கு எங்கே போவது? "கொழுப்பு ஏறாம படகைத் தண்ணில எறக்கிடாத ஃபின்டன்" என்று லாக்லன் நேருக்கு நேர் சொன்னான். டெர்வ்லா பக்கத்தில்தான் நின்றாள். "சரிப்பா, சரிப்பா" என்றான் ராஜா.

அடுத்த வாரம் டி.வி. ஆட்கள் வந்தார்கள். அக்காவும் தம்பியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ராஜா படகை இறக்கிக் கம்பீரமாக ஏறி நின்றான். நடு ஏரியில் தையல் வாயைப் பிளந்தது. கேமரா அடிக்குப் போனது. ராஜா நனைந்த பூனை மாதிரிக் கரையேறினான். ஏறியவன் கூடியிருந்த எல்லோர் காதிலும் விழும்படி, "லாக்லன் குடிச்சிட்டுத் தைச்சா இப்படித்தான்! எறக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அவன்!" என்றான்.

லாக்லன் குடியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஊருக்குப் பழைய லாக்லனைத்தான் நன்றாக ஞாபகம். தம்பி சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன் என்று டெர்வ்லா பிறகு கத்திப் பார்த்தாள். "தம்பிக்காக அக்கா பேசத்தானே செய்வா" என்று தோளைத் தட்டினார்கள். அந்த மாதமே லாக்லன் கப்பலேறிக் கவென்ட்ரி நகரத்துக்குப் போய் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். கல்லறை ஞாயிறன்று, ஊரே அவரவர் குடும்பக் கல்லறையைத் துடைத்துப் பூ வைத்து நிற்கும்போது, அம்மாவின் கல்லறைக்கு முன்னால் டெர்வ்லா தனியாக நின்றாள். ஃபின்டனின் கொட்டத்தை அடக்குவதென்று அங்கேதான் முடிவு செய்தாள். சும்மா அடக்கினால் போதாது, அவன் வாயாலேயே அடக்க வேண்டும்.

இந்த ஆகஸ்டில் அறுவடைத் திருவிழா. குழியில் பன்றி வெந்துகொண்டிருந்தது. ராஜா முதல் துண்டை வெட்டி வாயில் வைக்கும்வரை யாரும் கறியைத் தொடக் கூடாது. அதுவும் ராஜா போட்ட சட்டம்தான். டெர்வ்லா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கோட்டை வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள்.

"ஃபின்டன்! என் தம்பி பேரைக் கெடுத்த. அதுக்கு உன் வாசல்ல பட்டினி கெடக்கிறேன்!"

ஃபின்டன் ஒரு கணம் வெளிறினான். ஆனால் முன்னால் கூட்டம் நின்றது. கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்தீங்களா! நான் சொன்னேனே அதே சட்டம், இதோ கண்ணு முன்னால!" என்று கையை விரித்தான். "இவ எழுந்திரிக்கிற வரைக்கும் ராஜா ஒரு வாய் சாப்பிட மாட்டான்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. டெர்வ்லா குனிந்து சிரித்துக்கொண்டாள். கயிற்றை அவனே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

மத்தியானம் தாண்டியது. கறி வாசனை மண்கரையைத் தாண்டிப் போனது. குழந்தைகள் சிணுங்கின.

"ராஜா, கறி கருகுது" என்றாள் சமையல் பார்க்கும் பெர்னி.

"கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். பன்னி பொறுக்காது."

சாயங்காலம் ஃபின்டன் நைசாகத் தன் காருக்குப் போனான். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்த சத்தத்துக்குக் கண்ணாடிக்கு வெளியே பெர்னியின் முகம் முளைத்தது. "என்ன ராஜா, அந்தக் காலத்துல வெங்காய சிப்ஸ் இருந்துச்சா?" அவன் பாக்கெட்டைத் திரும்ப மடித்து வைத்தான்.

கடைசியில் டெர்வ்லாவிடம் வந்து குனிந்தான். "என்ன வேணும் உனக்கு? மன்னிப்பு எழுதித் தர்றேன். தயவுசெஞ்சு எழுந்திரு."

"எழுத்து எதுக்கு? வாயால சொல்லு. அன்னைக்கு எவ்வளவு சத்தமா சொன்னியோ அவ்வளவு சத்தமா."

கூட்டம் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஃபின்டன் நிமிர்ந்தான்.

"லாக்லன் குடிக்கல. எறக்காதேன்னு என்கிட்ட சொன்னான். நான்தான் எறக்கினேன்."

டெர்வ்லாவுக்கு இனித்தது. வெட்கமே இல்லாமல் இனித்தது. அவன் காது சிவந்ததையும், அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் ஒன்று விடாமல் பார்த்தாள். அவன் தோளில் மேலங்கியைச் சேர்த்துக் குத்தியிருந்த ராஜ ஊசியைக் கழற்றிப் பிணையாக நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"அநியாயம் நடந்தது எனக்கில்ல."

கம்பளிக்குள்ளிருந்து போனை எடுத்தாள். கோட்டைக்குள் போன் கூடாது. பெர்னி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். லாக்லன் எடுத்ததும், "ஃபின்டன் வாசல்ல பட்டினி கெடக்கிறேன்டா" என்று சொல்லி ஸ்பீக்கரைப் போட்டு ஃபின்டன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அவன் சாப்பிட்டானா?"

"இன்னும் இல்லடா."

"நாளைக்குச் சாயங்காலக் கப்பல்ல வர்றேன். அதுவரைக்கும் அவனைச் சாப்பிட விடாத."

டெர்வ்லா போனை உள்ளே வைத்தாள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.