பாதி மலைக்கு விலை

எங்க வீட்டுக்காரக சண்முகவேல் வாயில 'இல்லை'ங்கிற சொல்லு மட்டும் வராது. தி.நகர்ல பனகல் பார்க் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னச் சேலைக்கடை. கடையில உக்காந்துக்கிட்டு இல்லைன்னு சொன்னா லட்சுமி இறங்கிப் போயிருவாளாம். மாம்பழக் கலர் கேட்டா, சரக்கே இருக்காது, "நாளைக்கு வரும்மா"ம்பாக. பாதி விலைக்குக் கேட்டாலும், "பாத்துச் செய்வோம்"ன்னு தலையை ஆட்டிருவாக. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்டகூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நல்ல குணம்தானேன்னு நினைப்பீக. கூட இருந்து குடும்பம் நடத்திப் பாத்தாத் தெரியும்.

எழுபத்தி நாலுல மயிலாப்பூர் சுந்தரவல்லி டீச்சர் சேலை எடுக்க வந்தாங்க. போலியோவுல கால் போன பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்துறவங்க. அங்க தங்கபுஷ்பம், பச்சையம்மான்னு ரெண்டு பொண்ணுக தவழ்ந்துதான் போகுதாம். ரெண்டு மூணுசக்கர வண்டி வேணும், அதுக்காகத் திருக்கழுக்குன்றம் மலை ஏறப் போறோம், உச்சிக்கு ஏறிட்டா, ஏறினவங்களுக்குத் தெரிஞ்சவங்க விடுதிக்குப் பணம் தருவாங்க, நீங்களும் ஏறுறீங்களான்னு கேட்டாங்க. இவுக காலையில கடை மெத்தையில சம்மணம் போட்டு உக்காந்தா கடை அடைக்கத்தான் எந்திரிப்பாக. பார்க்கைச் சுத்தி ஒரு தடவை நடந்தது கிடையாது. "வந்துருவோம் டீச்சர்"ன்னுட்டாக.

எதிர்த்த பாத்திரக்கடை கருணாகரன் அண்ணாச்சி அப்பத்தான் பேச்சுக்கு வந்து உக்காந்திருந்தாரு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. "வே சண்முகவேல், நீரு உச்சிக்குப் போய்ச் சேரும், ரெண்டு வண்டியும் நானே வாங்கித் தாரேன். நடுவுல இறங்கினீரு, ஒண்ணும் கிடையாது. நானே கூட வந்து பாக்கேன்"ன்னாரு. டீச்சர் முகம் மலர்ந்துபோச்சு. நான் இவுக தொந்தியைப் பாத்தேன்.

கடைக்கு மேல சரக்கு அறைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. பழகுறேன்னு சொல்லி, ஒரு சேலைக் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு இவுக ஏறி இறங்க ஆரம்பிச்சாக. தெருவுல போன பொம்பளைக பாத்தாளுக. புதுச் சரக்கு வந்திருக்கு, வேண்டியவங்களுக்கு மட்டும் மேல வச்சுக் காட்டுறாருன்னு நினைச்சுப் பின்னாலயே ஏறிட்டாளுக. "அந்தக் கட்டைப் பிரிங்க அண்ணாச்சி"ன்னு கேட்டா, மாட்டேன்னு சொல்ல வாய் வருமா? மேலயே சம்மணம் போட்டுப் பிரிச்சுப் போட்டாக. போன தீபாவளிக்கு விலை போகாத சேலை அம்புட்டும் வித்துப்போச்சு. மறுநாளும் இதே கதை. வியாபாரம் அமோகம், கால் மட்டும் அப்படியே இருந்துச்சு.

அடையாறு பீச்சுல போய் நடங்கன்னு விரட்டினேன். சுண்டல், முறுக்கு, மாங்காய்னு கூவினவன் ஒருத்தனையும் இவுக வெறுங்கையோட அனுப்பலை. போனப்போ இருந்ததைவிட வயிறு பெருத்துத்தான் திரும்பினாக.

இதுக்கு நடுவுல கூட்டம் வேற. இவுக அக்கா, எங்க இசக்கியம்மா மதினி, "நானும் வரட்டுமா தம்பி"ன்னாக. வாங்கக்கான்னாச்சு. பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா அக்கா, "மலை எனக்கு ஆகாது, கீழே இருந்து எல்லார் செருப்பையும் பாத்துக்கறேன்"னாங்க. வாங்கன்னாச்சு. வேன்ல போறதா இருந்தது, கடைசியில ஜவுளி ஏத்துற லாரியாப் போச்சு. மதினி ரெண்டு வாளி நிறையப் புளியோதரை கிளறிட்டாக. மலை ஏறப் போறமா, பந்தி போடப் போறமான்னு கத்தினேன். "பசிச்ச வயித்தோட எவன் ஏறுவான்?"னு என்னையே கேட்டாக.

டீச்சர் குறிச்ச ஞாயித்துக்கிழமை, பாதி மலை ஏறுறதுக்குள்ள இவுக படியில உக்காந்துட்டாக. முட்டி ரெண்டும் நடுங்குது, மூஞ்சி வெளிறிப்போச்சு. ரெண்டு திட்டு திட்டலாம்னு வாயைத் திறந்தேன், பாவமா இருந்துச்சு, மூடிக்கிட்டேன். திரும்பிப் பாத்தா கருணாகரன் அண்ணாச்சி நாலு படி கீழே மல்லாந்து கெடக்காரு. பாத்திரம் விக்கிறவருக்கு மட்டும் முட்டியை எவர்சில்வர்லயா வச்சிருக்கான் சாமி?

மூச்சு வந்ததும் எந்திரிச்சு உக்காந்தாரு. "வே, உமக்கும் முடியலை, எனக்கும் முடியலை. பாதி மலை ஏறியாச்சு, பாதி தாரேன். ஒரு வண்டி. முடிச்சுக்கிட்டு இறங்கிருவோம்"னாரு.

இவுக என்ன சொல்லுவாகன்னு எனக்குத் தெரியாதா? பாதி விலைக்குக் கேட்டவங்களுக்கெல்லாம் ஆடின தலைதானே. மதினி கீழே இறங்க வாளியைக் கையில எடுத்தாச்சு.

இவுக துண்டால மூஞ்சியைத் துடைச்சாக. "ஒரு வண்டியில எந்தப் பிள்ளையை உக்கார வைக்க அண்ணாச்சி?"ன்னாக. அவரு வாயைத் திறக்குறதுக்குள்ள இவுகளே சொல்லிட்டாக:

"அந்த விலைக்கு இல்லை."

என் காதுல விழுந்தது சரிதானான்னு மதினியைப் பாத்தேன். மதினி வாளியைக் கீழே வச்சுட்டாக.

நிக்க முடியலைன்னா என்ன, உக்காரத் தெரியுமே. உக்காந்த வாக்குலயே கையைப் பின்னால ஊனி, ஒவ்வொரு படியா இவுக மேலே நகர ஆரம்பிச்சாக. கூட வந்து பாக்கேன்னு சொன்ன பாவத்துக்குக் கருணாகரன் அண்ணாச்சியும் அதே மாதிரி நகர்ந்தாரு. இறங்கி வந்த சனமெல்லாம், ஏதோ பெரிய வேண்டுதல்னு நினைச்சு ரெண்டு பேரையும் கும்பிட்டுட்டுப் போச்சு. உச்சிக்குப் போய்த்தான் நின்னாக. மறுவாரம் ரெண்டு வண்டியும் விடுதிக்குப் போயிருச்சு.

இவுக வேட்டி பின்பக்கம் கந்தலாயிருந்துச்சு. மறுநாள் அதைத் தைச்சுக்கிட்டே, வர்ற தீபாவளிக்கு எனக்கு ஒரு பட்டு உண்டான்னு கேட்டேன்.

"இல்லை"ன்னாக.

கோபம் வரத்தான் செஞ்சுச்சு. ஆனா ஊசியைக் கீழே வச்சுட்டு, எங்க, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டேன்.