தொடாமலே விழுந்தேன்

என் தாய்மாமா ஏழு வருஷம் சிங்கப்பூரில் இருந்தார். ஒரு ஜப்பான்காரர் நடத்திய பயிற்சிக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. துடைத்த நேரம் போக அங்கே கற்றுக்கொண்டது ஐகிடோ என்கிற தற்காப்புக் கலை. நெய்வேலிக்குத் திரும்பி, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த முந்திரித்தோப்பில் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அதைக் கராத்தே என்றார்கள். மாமா ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்துவார். அம்மா மட்டும், "இன்னா எழவோ, சட்டையக் கிழிச்சிகினு வராம இருந்தா சரி" என்பாள்.

முதல் வருஷம் மாமாவின் பிடி நிஜமான பிடி. மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினால் எவ்வளவு பெரிய ஆளும் தரையில் கிடப்பான். சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் கன்வேயரில் வேலை செய்த தடித்த ஆள் ஒருவர் சவால் விட்டு வந்து, விழுந்து, அடுத்த வாரமே எங்களோடு சேர்ந்துகொண்டார். பலம் தோளில் இல்லை, தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது என்பது அப்போதைய பாடம். ஆனால் எங்களுக்கு முதலில் பழக்கியது விழுவதைத்தான். வைக்கோல் அடைத்த கோணிகளின் மேல் உருட்டி உருட்டிப் பழக்கினார்.

"வலிக்கிற வரிக்கும் இன்னாத்துக்குடா நின்னுகினு இருக்க? கை திரும்பும்போதே கூடப் போயி வுழுந்துடு. எலும்பாவது மிஞ்சும்."

இரண்டாம் வருஷம் திருகுவதை விட்டுவிட்டார். வருகிறவனுடைய பலம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வழிவிட்டால் போதும் என்றார். தோளில் லேசாகக் கை வைத்துத் திரும்புவார். நாங்கள் விழுவோம். விழுவதற்கு அதற்குள் நன்றாகப் பழகியிருந்தோம்.

மூன்றாம் வருஷம் வடலூருக்கு அடிக்கடி போய்வந்தார், கறியை விட்டார், தொடுவதையும் விட்டார்.

"தொடறதே தப்புடா. நம்ம மூச்சு அவங்கிட்ட போயி சேந்தா போதும், ஆளு வுழுந்துடுவான்."

"எங்க வூட்டுக்காரி மூச்சு வுட்டாலே நான் வுழுந்துடறேன் மாஸ்டர்" என்றார் கன்வேயர்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரும் ஓடிப்போய் விழுந்தார்.

மாமா மூன்றடி தள்ளி நின்று உள்ளங்கையைக் காட்டுவார். எல்லோரையும்விட நான்தான் நன்றாக விழுவேன். "எங்க அக்கா புள்ளைக்குத்தான் மூச்சு கேக்குது" என்று சொல்லும்போது அவர் முகம் மலரும். அந்த முகத்துக்காக அடுத்த வாரம் இன்னும் நாலடி தள்ளிப் போய் விழுவேன். ஏமாற்றுகிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதுபோல அதுவும் ஒரு மரியாதை.

அந்தச் சமயத்தில் சுரங்கத்துக் காவலாளிகளுக்குப் பயிற்சி தர ஓர் ஆள் தேடினார்கள். மாமாவை வேலை வாங்கிய மேஸ்திரி அவர் பெயரைச் சொன்னார். கிடைத்தால் பர்மனென்ட். பர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அப்பா இல்லாத என்னை அங்கே வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பில் சேர்ப்பதாக மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். நான் அப்போது ஐந்தாவது.

செய்து காட்டச் சொன்ன நாளில் மாமா என்னையும் அழைத்துப் போனார். மைதானத்தில் ஓர் அதிகாரியும் இருபது காவலாளிகளும் நின்றார்கள். மாமா கையைக் காட்டினார். நான் என் வாழ்நாளிலேயே அழகான விழுதலை அன்று விழுந்தேன். கை தட்டினார்கள்.

"பையன் சரிப்பா. நம்ம ஆள் ஒருத்தர்கிட்ட காட்டு" என்றார் அதிகாரி.

பட்டாளத்தில் இருந்து வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். மாமா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, உள்ளங்கையை நீட்டினார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பணிவாகக் கேட்டார்.

"எப்ப விழணும்னு சொல்லுங்க அண்ணாச்சி, விழுந்துருதேன்."

மைதானமே சிரித்தது. மாமா கண்ணைத் திறந்தார். "தள்ளுங்க. நெஞ்சுல கை வச்சித் தள்ளுங்க."

அவர் ஒரு கையால் தள்ளினார். அந்த மணிக்கட்டு மாமாவின் கைக்கு எட்டுகிற மாதிரிதான் வந்தது. முதல் வருஷத்து மாமாவாக இருந்தால் பிடித்திருப்பார். இந்த மாமா நீட்டிய உள்ளங்கையை எடுக்காமலே பின்னால் சாய்ந்தார். எங்களுக்குப் பழக்கிய மாதிரி விழக்கூட அவருக்கு அன்று வரவில்லை. முழங்கை அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"போதும்ப்பா" என்றார் அதிகாரி. "பையனுக்கு நல்லா சொல்லிக்குடுத்திருக்க."

திரும்பும் வழியில் தெருக்குழாயில் மாமா கையை நனைத்துக்கொண்டார். வீங்கிப் போயிருந்தது. நான் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"டேய், நெஜத்தச் சொல்லு. இத்தினி நாளு தானா வுழுந்தியா, நீயா வுழுந்தியா?"

"தானாதான் மாமா. யாரோ புடிச்சித் தள்ற மாதிரி இருக்கும்."

மாமா குழாயை மூடினார். "அப்ப இன்னிக்கி எம் மூச்சுலதான் இன்னாவோ தப்பு" என்றார்.

அந்தத் தப்பை அவர் கடைசிவரை தேடினார். உப்பை விட்டார், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டார். மடங்கிய கை நிமிரவே இல்லை, சுரங்க வேலையும் போயிற்று. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கிடங்கில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். நான் ஐந்தாவதோடு நின்று அதே கிடங்கில் கொட்டை உடைக்கப் போனேன். ஆட்கள் போன பிறகு என்னை எதிரில் நிறுத்தி நல்ல கையை நீட்டுவார். முப்பது வயதிலும் நான் சிமென்ட் தரையில் விழுந்தேன். "இன்னிக்கி கேட்டுச்சா?" என்பார். கேட்டது என்பேன்.

அன்று குழாயடியில் 'நானாத்தான் வுழுந்தேன் மாமா' என்று சொல்லியிருந்தால் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருக்கும். அதன்பின் அவர் மறுபடி மணிக்கட்டைப் பிடித்திருப்பார். அது அவருக்கு உண்மையாகவே தெரிந்த வித்தை. எனக்கு அன்று அதெல்லாம் புரியவில்லை. மாமா அழாமல் நடந்து போகிறாரே, நல்ல பதிலாகச் சொன்னோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.