ஸலாம் என்று தலைப்பிட்ட மின்னஞ்சல்கள்

ஸம்ஹா என்ன வேலை செய்கிறாள் என்று நுரைச்சோலையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவளுடைய உம்மா மட்டும் தயங்காமல், "மெஷினுக்கு ஓதிக் குடுக்கிறா" என்பார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என்னைக் கேட்டால், அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

கொழும்பில் ஒரு சிறிய நிறுவனம் ஒரு மென்பொருளைச் செய்திருந்தது. குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களில் எது எதற்குப் பதில் என்று பார்த்து, ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாகக் கோர்த்துக் கொடுப்பது அதன் வேலை. அதைப் பயன்படுத்தப் போவது மனிதர்கள் அல்ல, மனிதர்களுக்காக அவர்களின் அஞ்சலைப் படித்து ஒழுங்குபண்ணும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள். அந்த முகவர்களுக்கு வழிகாட்டி எழுதுகிறவள் ஸம்ஹா. வீட்டிலிருந்தே எழுதினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

ஜன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டம், அதற்கப்பால் காற்றாலைகள், அதற்கும் அப்பால் கடல். காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாக நின்றுவிடும். தன் வாசகரை நினைத்துப் பார்ப்பாள். அதற்குக் கண் இல்லை, தூக்கம் இல்லை, நேற்று என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் எழுதியதை முதன்முறையாக வாசிக்கும், வாசித்ததை அப்படியே நம்பும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோகும். கடலுக்கடியிலிருந்து யாரோ மெல்ல எழும்பி வந்து, நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டு மறுபடி அமிழ்ந்துபோவது போல அவளுக்குத் தோன்றும். அதன்மேல் அவளுக்குப் பாசமே வந்துவிட்டது. வயிற்றிலிருக்கும் பிள்ளையோடு பேசும் அதே குரலில் அதோடும் பேசுவாள்.

அவளுடைய கணவன் றுமைஸ் நிலக்கரிக் கப்பலில் மாலுமி. நடுக்கடலில் அவனுக்கு இருப்பது கப்பலின் பொது மின்னஞ்சல் மட்டும். பிள்ளை பிறக்கும்போது அவன் வீட்டில் இருப்பானா என்பதைத் தவிர ஸம்ஹாவுக்கு உலகத்தில் வேறு கேள்வி இருக்கவில்லை. அதைக் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

அந்த நாட்களில்தான், தான் எழுதிய வழிகாட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் அஞ்சல் பெட்டியை ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தாள். பதில் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை என்று காலைதோறும் அது சொல்லும். அவள் முகம் வாடும். பிறகு கோபம் வந்தது. அவரே முதலில் எழுதட்டும் என்று இருந்துவிட்டாள். பெட்டியை ஒருதரம் தானே திறந்து பார்த்திருக்கலாம்தான். தான் எழுதியதைத் தானே சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

கடல் அமைதியாகும் மாதங்களில் ஊரிலுள்ள அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல்கள் வந்து கரைக்குத் தூரத்தில் நங்கூரமிடும். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"ஸம்ஹா, நான்தான். உங்கட ஊருக்கு முன்னாலதான் நிக்கிறம். இப்பதான் சிக்னல் கிடைச்சது."

அவள் எழும்பி நின்றாள். வெயில் மங்கிய கடலில் மூன்று கப்பல்கள் அசையாமல் நின்றன.

"எதுல நிக்கிறீங்க?"

"நடுவுல, அடி சிவப்பா தெரியிறது."

அவள் சந்தோஷத்தில் அந்தக் கப்பலைப் பார்த்துக் கையசைத்தாள். ஆனால் அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

"இன்னும் கோவமா? அவ்வளவு மெயில் போட்டன். ஒரு சொல்லுகூட எழுதல்லியே."

"எந்த மெயில்?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே பெட்டியைத் திறந்து தேடினாள். எல்லாம் அங்கேதான் கிடந்தன. நம் ஆட்கள் ஸலாம் சொல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்கமாட்டார்கள். மின்னஞ்சலில் முதலில் வருவது தலைப்புக்கான இடம் என்பதால் அங்கேயே ஸலாம் சொல்லிவிடுவார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தின் அறிவித்தலுக்கும் பழைய மாணவிகள் சங்கத்தின் அழைப்புக்கும் றுமைஸின் அஞ்சலுக்கும் ஒரே தலைப்பு. எதற்குப் பதில் என்று காட்டும் அடையாளத்தைக் கப்பல் அஞ்சல் வழியிலேயே தொலைத்துவிடும். அடையாளம் இல்லையென்றால் தலைப்பைப் பார், ஒரே தலைப்பென்றால் ஒரே பேச்சு என்று எழுதிக் கொடுத்தவள் ஸம்ஹாதான். அது சொல்பேச்சுக் கேட்டது. அவனுடைய அஞ்சல்களை அறிவித்தல்களோடு கோர்த்து ஓரமாக வைத்துவிட்டது.

முதல் அஞ்சலிலேயே கேட்டிருந்தான். கப்பல் நுரைச்சோலைக்குத்தான் வருகிறது, நீ ஓம் என்றால் அங்கேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று. பிறகு வந்தவற்றிலும் அதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தான்.

"ஓம். இறங்குங்க" என்றாள் ஸம்ஹா.

றுமைஸ் நடந்ததைச் சொன்னான்.

"எனக்குப் பதிலா வர ஒரு ஆள் ரெடியா இருந்தாரு. நான் வாறது உனக்குப் புடிக்கல்ல எண்டு நினைச்சி, நேத்துத்தான் அவர வேணாம் எண்டன். இன்னும் ஆறு மாசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டன், ஸம்ஹா."

அவள் அழுதாள். அவன் அங்கே அழுதானா என்று தெரியவில்லை. முகவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அது பாவம். சிவப்பு அடிப்பாகத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் நிற்பது நிஜமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

வேலையில் இருக்கிறவனுக்குக் கரைக்கு வந்துபோக அனுமதி இல்லாததால், நிலக்கரி இறக்கி முடியும்வரை இருவரும் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பெயர்கூடப் பார்த்தார்கள். கப்பல் புறப்படும் நாளன்று அவள் வழிகாட்டியில் அந்த விதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: தலைப்பை நம்பாதே. ஒவ்வொன்றையும் திறந்து, எழுதியவர் யார், என்ன கேட்கிறார் என்று பார். விளங்காவிட்டால் பெட்டிக்குரியவரைக் கேள்.

கொழும்பிலிருந்து நிறுவனத்தின் மேலாளர் மின்ஹாஜ் பேசினார். அவரை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நல்லாத்தான் எழுதி இருக்கிறீங்க. ஆனா இப்படி ஒவ்வொண்டாத் திறந்து பாத்தா வேல சுணங்குமே."

ஜன்னலுக்கு வெளியே சிவப்பு அடி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சுணங்கட்டும் நானா" என்றாள் ஸம்ஹா. "பதிலுக்கு எவ்வளவு நேரமும் பாத்துட்டு இருக்க ஏலும். பதிலே வரல்ல எண்டு நினைச்சா, ஆக்கள் கப்பலேறிப் போயிருவாங்க."