கறைக்கும் சொத்தைக்கும் நடுவில் என் ஓரகத்தி

"வாய மூடிட்டுச் சிரி லா, பாப்பா. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, கேக் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே இப்படிச் சொன்ன அந்த நிமிஷத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவள் மகனின் பிறந்தநாள் அது. கெலுகோரில் மாமியார் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் குடியிருந்தோம். அவள் மகன் அரிசிப் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைவிடச் சில மாதங்கள் சின்னவளான என் மகள், பெரியம்மா சொன்னதுதான் தாமதம், டப்பென்று உதட்டை ஒட்டிக்கொண்டாள். அவளுடைய முன்பற்களில் ஈறோரமாகக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. ஊர் முழுக்க அதற்குச் சொத்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை கார்ட்டூன் பார்த்துச் சிரித்தால்கூட வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஒளிப்பானேன், எனக்கு ஓரகத்தியின் மேல் பொறாமை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் வைத்தால் அது மீன் குழம்பு, நான் வைத்தால் ஏதோ ஒரு குழம்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தாள், நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்குப் போனேன். மகளுக்கு ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச் சத்து மருந்து கொடுத்திருந்தார்கள். தொழிற்சாலை பஸ் வருவதற்குள் அவளை எழுப்பி, மடியில் சாய்த்து, அந்த மருந்தை ஊற்றிவிட்டுத்தான் ஓடுவேன். பல் கறுத்ததும் மாமியார் என்னிடம் எதையும் கேட்கவில்லை. "வேலைக்குப் போறவளுக்குப் புள்ள பல்லத் தேய்ச்சு விட நேரம் ஏது?" என்று சுவரிடம் சொன்னார். நானா தேய்க்கவில்லை? தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஓரகத்திதான் தீர்ப்புச் சொன்னாள். "முன்னால நாலும் சொத்தை. பால் பல்லுதான, புடுங்கிட்டா நிம்மதி. நானே காடியில கூட்டிட்டுப் போறேன்." கார் ஓட்டத் தெரிந்தவள் ஆயிற்றே! மாமியார் தலையாட்டினார். பல் முளைக்கும் வரை பொக்கை வாயோடு பிள்ளை இன்னும் எத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருக்குமோ என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் பொறுப்பில்லாத அம்மா என்று பெயர் எடுத்தவளின் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்பார்கள்?

ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது பல் கிளினிக். டாக்டர் நம்மவர்தான், நடுத்தர வயதுப் பெண்மணி. மகளின் பல்லில் காற்றை அடித்து உலர்த்தினார், விளக்கைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தார். "எதப் புடுங்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, சுழலும் சின்னத் தூரிகையில் பசையைத் தொட்டுத் தேய்த்தார். கூச்சத்தில் மகள் நெளிந்தாள். கறுப்பு போய்விட்டது. அவ்வளவுதான், போயே போய்விட்டது! "இது வெறும் கறைம்மா. இரும்புச் சத்து மருந்து குடிக்கிறாளா? அதுதான் படிஞ்சிருக்கு. எல்லாப் பல்லுலயும் ஒரே மாதிரி கோடு, தொட்டா வழவழன்னு இருக்கு, அடியில பல்லு கெட்டியா இருக்கு. மருந்த நிறுத்திடாதீங்க. குடிச்சதும் தண்ணி குடுங்க, போதும்."

எனக்கு அழுகை வரவில்லை. நான் ஓரகத்தியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

எங்களோடு வந்திருந்த அவள் மகன், தங்கை நாற்காலியில் நெளிந்ததைப் பார்த்து கெக்கெக்கே என்று சிரித்தான். டாக்டர் திரும்பினார். "தம்பி, நீயும் ஒரு நிமிஷம் உக்காரு." அவன் பல்லிலும் காற்றை அடித்தார். ஈரம் காய்ந்ததும், மேல் பற்களில் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. பளபளப்பே இல்லாத, சுண்ணக்கட்டி போன்ற வெளுப்பு. "இதுதான் சொத்தையோட ஆரம்பம். ஓட்டை விழுறதுக்கு முன்னால பல்லு இப்படித்தான் வெளுக்கும். புட்டிப் பால் குடிச்சிக்கிட்டே தூங்குறானா?"

"வெள்ளையாத்தான இருக்கு, டாக்டர்?" ஓரகத்தியின் குரல் உள்ளே போய்விட்டது.

"பயப்படாதீங்க. இப்பவே மருந்து தடவி, புட்டிய நிறுத்தினா, இதோட நிப்பாட்டிடலாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து, மாமியாரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது, எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் வீண். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓரகத்தி விசும்பத் தொடங்கிவிட்டாள். விஷயத்தைக் கேட்ட மாமியார் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். "பாவம், நாள் முழுக்கப் புள்ளையோட என்ன பாடு படுற நீ. புட்டி குடுக்காம எந்தப் புள்ளம்மா தூங்கும்?" மருந்து கொடுத்தவள் பொறுப்பில்லாதவள், புட்டி கொடுத்தவள் பாவம். இது என்ன கணக்கு? என் பிள்ளையின் பல் கறுத்திருந்த அத்தனை மாதமும் என்னை இழுத்துச் சாய்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு தோள் இல்லையே!

அப்போதுதான் மகள் என்னைத் தாண்டி ஓடினாள். "பெரியம்மா, இங்க பாருங்க, ஈ..." ஓரகத்தி அழுத முகத்தோடு குனிந்து அவள் கன்னங்களை ஏந்திக்கொண்டாள். "என் தங்கமே! இனிமே நல்லா வாயத் தொறந்து சிரி லா." பிள்ளை சிரித்தாள். வாயைப் பொத்தாமல், அடித்தொண்டைவரை தெரியச் சிரித்தாள். நான் ஏங்கிக் கிடந்த சிரிப்பு அது. மூட வைத்தவளிடமே போய் அது திறந்துகொண்டது.

இப்போது நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் தனிக்குடித்தனம். கார் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். மகள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், வரிசை தப்பிய பற்களுக்குக் கம்பி போட்டிருந்தாள். போன வாரம் அதைக் கழற்றினார்கள். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அவள் அப்பாதான் கூட்டிப் போனார். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து, போனில் வந்திருந்த படத்தைத் திறந்தேன். வரிசை தப்பாத பற்களோடு, கண் இடுங்க, என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் அனுப்பியவர் பெயரைக் கவனித்தேன். மகள் இல்லை. ஓரகத்தி. "உன் பொண்ணு எனக்கு அனுப்பினா. நீயும் பாரு, எவ்ளோ அழகு!" என்று கீழே எழுதியிருந்தாள்.

நீயும் பாராம்.

"அழகா இருக்குக்கா" என்று பதில் போட்டுவிட்டு, மகளிடமிருந்து ஏதாவது வருகிறதா என்று சாப்பாட்டு நேரம் முடியும்வரை போனைத் திறந்தே வைத்திருந்தேன்.