ட்வைலாவுக்கு எத்தனை சதவீதம்?

ஆம்புலன்ஸ் ஷிப்டை முடித்துவிட்டு நோரீனின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்த ட்வைலா ஓபர்மன், சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஆப்பிள் பை, செர்ரி பை, தேங்காய் கிரீம் பை என்று அன்றைய பலகாரப் பட்டியல் எழுதியிருந்தது. அதற்கும் கீழே: ட்வைலா, நாற்பது சதவீதம்.

"இது என்ன கூத்து?"

ஜன்னலோர மேசையில் வழக்கமான கும்பலோடு உட்கார்ந்திருந்த கேல் ரக்மன் காப்பிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. நாற்பது வருஷம் பன்றி வளர்த்து ஓய்வு பெற்ற மனுஷன். பன்றிகளிடம் பேசிப் பழகியதால் மனிதர்களிடம் அதிகம் மரியாதை பார்ப்பதில்லை.

"நீ டாக்டர் படிப்புக்கு அப்ளிகேஷன் போடப்போறியாம். கெடைக்க நாப்பது சதவீதம் வாய்ப்பு. மேசை கூடிப் பேசி முடிவு பண்ணிருக்கு."

"நாப்பதுன்னா நல்லதா, கெட்டதா?"

"டிவியில மழை நாப்பதுன்னு சொன்னா என் சோளத்துல ஒரு சொட்டு விழாது. பக்கத்து வயல்ல கொட்டும்."

"யாரு சொன்னா நான் அப்ளிகேஷன் போடறேன்னு?"

மில்பர்க் ஊரில் ரகசியம் என்றால் ஒரு நேரத்தில் ஒருத்தரிடம் மட்டும் சொல்வது என்று அர்த்தம். ட்வைலா உள்ளூர் டாக்டர் விட்மரிடம் மட்டும்தான் சொன்னாள். அவருடைய வரவேற்பறைப் பெண்ணுக்குக் காது உண்டு. அவளுக்கு முடிவெட்டுகிறவளுக்கு வாய் உண்டு. அவ்வளவுதான்.

ட்வைலாவுக்கு வயது முப்பத்தெட்டு. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போனாள், டாக்டர் ஆகிறேன் என்று. முதல் வருஷமே ரசாயனத்தில் சுத்தமாகத் தோற்றாள். மூளை இல்லாமல் இல்லை. ஒரு பையன் இருந்தான், அவனிடம் ஒரு சிவப்பு பிக்கப் வண்டி இருந்தது. வகுப்பு நேரத்தில் அந்த வண்டி எங்கெங்கே நின்றது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறது. பையன் போனான். வண்டி அவனுக்கும் முன்னாடி போனது. ட்வைலா ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்தாள். விட்ட பட்டத்தைச் சாயங்கால வகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தாள்.

அவள் குறி வைத்தது டி.ஓ. பட்டத்துக்கு, அதாவது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு. அமெரிக்காவில் டாக்டர்கள் வழக்கமாக வாங்கும் எம்.டி. மாதிரியே முழு டாக்டர்தான். ஊசி, மாத்திரை, அறுவை எல்லாம் உண்டு. கூடவே முதுகையும் கழுத்தையும் கையால் பிடித்துப் பார்த்துச் சரிபண்ணவும் கற்றுக்கொடுப்பார்கள். வட மிசூரியில் இதெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. இந்த வைத்தியம் பிறந்ததே இந்தப் பக்கம்தான். பிரசவம் பார்த்த டாக்டரே முதுகுப் பிடிப்பையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் என்ன டாக்டர் என்று கேட்கிற ஊர் இது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்துத் தேறினால் பழைய மதிப்பெண்ணை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிற நல்ல மனசு டி.ஓ. கல்லூரிகளுக்குத்தான் இருந்தது. எம்.டி. கல்லூரிகள் யானை மாதிரி, எதையும் மறப்பதில்லை. அந்த விதியை நம்பித்தான் ட்வைலா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ரசாயனத்தைத் திரும்பப் படித்து, முதல் தர மதிப்பெண் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் விண்ணப்பம் போடுகிற அதே வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். இனிமேல் பழையதும் கணக்கு, புதியதும் கணக்கு.

சிவப்பு பிக்கப் வண்டி இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது மாதிரி இருந்தது அவளுக்கு. இணையத்தில் வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிற பக்கம் ஒன்றில் தன் எண்களை எல்லாம் போட்டுப் பார்த்தாள். 'சராசரிக்குக் கீழ்' என்றது. வயதை ஐந்து குறைத்துப் போட்டாள். அப்போதும் அதேதான். பிக்கப் வண்டியைப் போட அங்கே கட்டம் எதுவும் இல்லை.

அவளுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் அடுத்த வருஷம் காலாவதி. அந்தப் பரீட்சையை இன்னொரு தடவை எழுதத் தெம்பு கிடையாது. ஆக, இந்தத் தடவை இல்லையென்றால் எப்போதுமே இல்லை. இது அவளுக்கும் தெரியும், மேசைக்கும் தெரியும். பல கல்லூரிகளுக்குப் போட்டதில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நோரீன் பலகையில் நாற்பதை அழித்து முப்பது என்று எழுதினாள்.

"கூப்பிட்டுட்டாங்களே, ஏறத்தானே வேணும்?" என்றாள் ட்வைலா.

"நேர்முகம்னா உன்னப் பத்தி நீயே பெருமையாப் பேசணும் கண்ணு," என்றாள் நோரீன். "அதனால எறங்குது."

மேசை மொத்தமும் துக்க வீடு மாதிரி தலையாட்டியது. மில்பர்க்கில் தற்பெருமையை யாரும் மன்னிக்கமாட்டார்கள். குடியை மன்னிப்பார்கள், வரி ஏய்ப்பை மன்னிப்பார்கள், வேலிக்கல்லை நகர்த்தினால்கூட ஒரு தலைமுறைக்குள் மன்னித்துவிடுவார்கள். ஆனால் "நான் கெட்டிக்காரன்" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அவன் பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை பேசுவார்கள். அடுத்தவரைப் புகழ்வதிலும் கைச்சுருக்கம்தான். நோரீனின் செர்ரி பை மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியபோது கேல் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "மோசமில்ல" என்றான். நோரீன் சிவந்துபோய்ச் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அதற்கு மேல் அந்த ஊரில் வார்த்தை கிடையாது.

பெருமை பேசச் சொல்லிக்கொடுக்க ஊரில் தகுதியான ஆள் ஒருத்தன்தான் இருந்தான். லான்னி ப்ரூவிட். காப்பீடு விற்பவன். இளமையில் சிகாகோவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவன். அந்தக் கொஞ்ச நாளை இன்றுவரை வட்டிக்கு விட்டுச் சாப்பிடுகிறான்.

"எங்கண்ணப் பாத்துச் சொல்லு. நீ எப்படிப்பட்ட ஆளு?" என்றான் லான்னி.

"சுமாரான ஆளு."

"போச்சு! திரும்பச் சொல்லு. 'எங்க மாவட்டத்துலயே சிறந்த அவசர சிகிச்சைப் பணியாளர் நான்தான்.'"

"எங்க மாவட்டத்துல மொத்தமே அஞ்சு பேருதான். அதுல கார்ல்னு ஒருத்தன், ஆம்புலன்ஸ ஓடைக்குள்ள விட்டவன்."

"அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? நெஞ்ச நிமித்திச் சொல்லு!"

ட்வைலா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். கேல் காப்பியைத் துப்பினான். "அய்யய்ய, கேக்கவே கூசுது. யம்மா நோரீன், அந்த ரேடியோவச் சத்தமா வையி."

இப்படியே இரண்டு வாரம். கடைசியில் ட்வைலாவுக்கு அந்த வசனம் தூக்கத்திலும் வந்தது.

நேர்முகத்தில் எதிரே இரண்டு பேர். ஒருத்தர் டாக்டர் ஸ்ட்ராட்மன் என்ற வயதானவர். கையைப் பார்த்தால் வைக்கோல் கட்டுத் தூக்கிய கை. இன்னொருத்தி டாக்டர் சலாசார், அரிசோனாவிலிருந்து புதிதாக வந்த இளம் பேராசிரியை. கண்ணாடி, பேனா, நேரான முதுகு. ட்வைலா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, தன்னைப்போல ஒரு பணியாளர் மாவட்டத்திலேயே கிடையாது என்று ஆரம்பித்து, தலைமைப் பண்பு, விடாமுயற்சி என்று லான்னியின் சரக்கு முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கிவைத்தாள்.

ஸ்ட்ராட்மன் கையைத் தூக்கி நிறுத்தினார். "நீ எந்த ஊரும்மா?"

"மில்பர்க்."

"நான் பக்கத்து மாவட்டம். அங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே. யாரு சொல்லிக்கொடுத்தது?"

ட்வைலாவுக்குக் காது சுட்டது. "லான்னின்னு ஒருத்தர். காப்பீடு விக்கிறவர்."

"அதானே பாத்தேன். பாலிசி வாங்கணுமோன்னு பயந்துட்டேன். சரி, ரசாயனத்துல ஏன் தோத்த?"

"படிக்கலங்க. ஒரு பையன் இருந்தான். அவங்கிட்ட ஒரு பிக்கப் வண்டி."

"இப்ப?"

"பையனும் இல்ல, வண்டியும் இல்ல. ரசாயனம் மட்டும் இருக்கு. திரும்பப் படிச்சு வாங்கிட்டேன்."

கிழவர் சிரித்துவிட்டார். சலாசார் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தாள்.

"இத்தன வருஷ ஆம்புலன்ஸ் அனுபவம் இருக்கு. நேர்மையாச் சொல்லுங்க, அந்த வேலைல நீங்க எப்படி?"

நேர்மையாக என்று கேட்டுவிட்டாள். லான்னியின் சரக்கும் தீர்ந்துவிட்டது. ட்வைலா யோசித்து, மனசிலிருந்து, தன் வாழ்நாளில் தன்னைப் பற்றிச் சொன்னதிலேயே பெரிய வார்த்தையாக ஒன்றைச் சொன்னாள்.

"மோசமில்ல."

ஸ்ட்ராட்மனின் புருவம் உயர்ந்தது. சலாசாருடைய புருவம் இறங்கியது. அவள் எதையோ சின்னதாக எழுதி, அடியில் கோடு போட்டாள்.

முடிவு வந்தது. வெயிட்டிங் லிஸ்ட். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, வாசற்படியில் நிற்கவேண்டும். மேசை அதை நாலு நாள் அலசியது. பெருமை பேசினதால் வந்த வினை என்றான் கேல். பாதியில் நிறுத்தினதால் வந்த வினை என்றான் லான்னி. நோரீன் யாரையும் பார்க்காமல் பலகையில் பதினைந்து என்று எழுதினாள். அன்றைக்கு ட்வைலா காப்பி குடிக்காமலே வெளியே போனாள்.

மே மாதம் ஒரு மத்தியானம், கேலின் மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ட்வைலா போய்ப் பார்த்தால் கேல் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்தபடி, முகம் சாம்பலாக, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல, சும்மா கொஞ்சம் அழுத்துது. இவதான் ஊரக் கூட்டிட்டா."

"வாய மூடிட்டுப் படுங்க கேல்."

மாவட்ட ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்தது பாஸ்டனிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர். இ.சி.ஜி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து கேட்டார். "ஐயா, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?"

கேல் யோசித்தான். "ரெண்டு."

டாக்டர் இரண்டு என்று எழுதப் போனார். தலைமாட்டில் நின்ற ட்வைலா சொன்னாள்: "டாக்டர், இவரு ரெண்டுன்னா ஒம்பதுன்னு போட்டுக்கங்க. போன வருஷம் காலு ஒடிஞ்சப்ப ஒண்ணுன்னாரு."

டாக்டர் அவளைப் பார்த்தார், கேலைப் பார்த்தார். "அப்படியா?"

"அவ சொன்னா சரிதான்," என்றான் கேல், அவமானத்தோடு.

படமும் அதையேதான் சொன்னது. கேலை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அடைப்பை எடுத்து, இரண்டு நாளில் திட்டுவதற்குத் தெம்பு வரும் அளவுக்கு ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் ட்வைலாவுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிற வழியில்தான் பொறி தட்டியது. கேல் சொன்ன இரண்டை மொழிபெயர்த்துச் சொல்ல அவள் இருந்தாள். அவள் சொன்ன 'மோசமில்ல'வை அந்த அரிசோனாக்காரிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல யார் இருந்தார்கள்? வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள் புதிதாக ஏதாவது சொல்ல விரும்பினால் கூப்பிடலாம் என்று கல்லூரியே சொல்லியிருந்தது. அவள்தான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்று விட்டிருந்தாள்.

வண்டியை ஓரம் கட்டினாள். பக்கத்து சீட்டில் கார்ல். "காதப் பொத்திக்க," என்றாள். அவன் பொத்துவதுபோல் பாவனை செய்தான். அதனால்தான் அதற்கப்புறம் நடந்த பேச்சு ஊருக்கே தெரியும்.

சலாசார் லைனில் வந்ததும் ட்வைலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "டாக்டர், நீங்க என்னக் கேட்டப்ப நான் 'மோசமில்ல'ன்னு சொன்னேன்."

"ஞாபகம் இருக்கு. தன்னம்பிக்கை இல்லையோன்னு எனக்குச் சந்தேகம் வந்தது."

"எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு மேல வார்த்தை கெடையாதுங்க. நெஞ்சடைப்புல கெடக்கறவன் இங்க வலி ரெண்டும்பான். அத ரெண்டுன்னே எழுதிக்கிட்டா ஆளு போயிடுவான். நாங்க சொல்றத நாலால பெருக்கிக்கணும். பதினஞ்சு வருஷமா என் வேலையே அந்தப் பெருக்கல்தான்." இதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. "எனக்கு இந்த வேல... நல்லா வரும். ரொம்ப நல்லா வரும். இதுக்கு மேல சொல்லச் சொல்லாதீங்க, வாந்தி வந்துரும்."

சலாசார் கேட்டாள்: "அப்போ எங்க மருத்துவமனையில நோயாளிங்க எனக்குச் சொல்ற எண்ணெல்லாம்?"

"பெருக்குங்க டாக்டர்."

"அடக் கடவுளே," என்றாள் சலாசார். முதல் முறையாக அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "நான் குழுவுல பேசறேன். வாக்குக் கொடுக்க முடியாது."

ஜூன் போனது. ஒரு செய்தியும் இல்லை. மேசை அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டது. மில்பர்க்கில் அதற்குப் பெயர் அனுதாபம்.

வகுப்புகள் தொடங்க மூன்று வாரம் இருக்கையில், ஒரு காலை ட்வைலா கடைக்கு வந்தாள். காப்பி வாங்கினாள். சர்க்கரை போட்டாள். திரும்பவும் போட்டாள்.

"எங்க வீட்டுல தக்காளி தொங்குது. ஆகஸ்டுல யாராச்சும் வந்து பறிச்சுக்கங்க. நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

கேல் மெதுவாகக் கேட்டான். "எவ்வளவு நாளு இருக்க மாட்ட?"

"நாலு வருஷம்."

நோரீன் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏப்ரன் துணியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கண்ணாடி கிடையாது, கடையின் கண்ணாடியைச் சொல்கிறேன். லான்னி எழுந்து நின்றான்.

"நான் பயிற்சி கொடுத்த பொண்ணு! எல்லாம் என்..."

"உக்காருய்யா!" என்று மேசையே கத்தியது.

"அப்ப எனக்குத் திரும்ப நெஞ்ச அழுத்தினா யாரு வருவா?" என்றான் கேல்.

"கார்ல் வருவான்."

"அவன் வண்டில போறதுக்கு நான் டிராக்டரடியிலயே கெடந்துடுவேன்." கேல் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "அந்தத் தக்காளி எந்த ரகம்?"

"பெரிய ரகம். ஒண்ணு ஒரு சாண்ட்விச்சுக்கு வரும்."

"சனிக்கிழம கூடையோட வர்றேன். அப்படியே உன் பெட்டி படுக்கைய என் பிக்கப்புல ஏத்திக்கலாம். உன் கார்ல எதுவும் கொள்ளாது." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்தத் தடவையாச்சும் பிக்கப் வண்டி காலேஜ் வாசல் வரைக்கும் போகட்டும்."