மத்தியானம் நின்ற மோட்டார்

1968 மாசி மாதம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், குன்றாண்டார்கோவில் வழியாக எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். உச்சி வெயில். டீக்கடை ரேடியோவில் பாடிக்கொண்டிருந்த பாட்டை ஒரு இரைச்சல் வந்து விழுங்கிவிட்டது. கடைக்காரர் பெட்டியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரைச்சல் போகவில்லை.

"வெயில் ஏறுனா இதுக்கும் கிறுக்குப் புடிச்சிருதுப்பா" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் சுருக்கென்று தைத்தது. திருச்சியில் பி.எஸ்ஸி. படித்தபோது பௌதிகப் பேராசிரியர் ஒரு நாள் பாடத்தை விட்டு விலகிச் சொன்னது நினைவுக்கு வந்தது. சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை, ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் வருஷங்களில் ஒரு சாதாரண சிற்றலை ரேடியோவில்கூட அதை இரைச்சலாகக் கேட்கலாம். வெளிநாடுகளில் வீடு உயரத்துக்குக் கிண்ணம் மாதிரியான ஏரியல்களை நிறுத்தி வைத்து இதையேதான் கேட்கிறார்களாம். அந்த வருஷம் கரும்புள்ளிகள் மிகுந்த வருஷம் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். என்னிடமும் ஒரு ரேடியோ இருந்தது. நானும் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்காகக் காத்திருந்தவன். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த யோசனையில் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

என் ரேடியோ, ராணுவத்தில் கழித்துக் கட்டிய பெட்டி. திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கி, உள்ளே பாதியைப் பிரித்து, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்து உயிர் கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதன் ஜன்னலோரம் பெட்டியை வைத்தேன். இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினேன். இரைச்சல் கூடினால் ஆடும்படி ஒரு முள் மீட்டரையும் பெட்டியோடு சேர்த்தேன்.

எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது என் வெறி. ஒரு அட்டையில் பதினோரு விதிகள் எழுதி ஆணியில் மாட்டினேன். முதல் விதி, பெட்டியைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுவது. இரண்டாவது, ஏரியலைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பது. அப்போதும் இரைச்சல் இருந்தால் அது வானத்திலிருந்து வருவதல்ல, பெட்டியின் கோளாறு. மூன்றாவது, ஏரியலை மாட்டுவது. இப்படியே போய், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முள் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவது வரைக்கும்.

முதல் இரண்டு நாள் எல்லா விதியும் நடந்தது, காலை நேரத்தில். ஏரியலை மாட்டியிருந்த நட்டு துருப்பிடித்திருந்தது. குறடு வைத்துத் திருகிக் கழற்ற ஐந்து நிமிஷம் ஆகும், மறுபடி மாட்ட ஐந்து நிமிஷம். மூன்றாம் நாள் அந்த இரண்டாவது விதியை விட்டேன். என் கையால் செய்த பெட்டியில் கோளாறு எங்கிருந்து வரும்?

நான்காம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முள் துள்ளியது. ஹெட்போனில் கரகரவென்று சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நேரத்தில் எங்கள் கொல்லைக்கு அடுத்த தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. என் உற்சாகம் அப்படியே வடிந்தது. கரண்ட் மோட்டாரும் ரேடியோவில் இரைச்சல் போடும். இதில் எது சூரியன், எது மோட்டார் என்று எப்படிப் பிரிப்பது?

அந்தத் தோட்டம் ஒரு அக்காவுடையது. உறவில்லை, ஊர் முறைக்கு அக்கா. வீட்டுக்காரர் மலேயாவுக்குப் போய்க் கடிதம் குறைந்துபோனவர். அந்த அக்கா தனியாளாக நின்று கிணற்றுக்கு கரண்ட் கனெக்ஷன் வாங்கி, மிளகாய் போட்டிருந்தார். அந்த மிளகாயை நம்பித்தான், எட்டாவது முடிக்கப்போகும் மகளை ஆனியில் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டு ஒன்பதாவது சேர்ப்பதாக இருந்தார். எங்கள் ஊரில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும்.

நான் நேரே போய்க் கேட்டேன், "அக்கா, எட்டு நாளைக்கு மட்டும் பகல் பதினோரு மணியிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் மோட்டாரப் போடாம இருக்க முடியுமா?"

"எதுக்குத் தம்பி?"

சூரியனைக் கேட்கப்போகிறேன் என்றேன். பக்கத்து வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் சும்மா இருப்பாரா? "கேக்குறதுதான் கேக்குற மாப்ளே, மழை எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்தார். "மத்தியானத் தண்ணி விட்டுப்போகும். சரி, எட்டு நாளுதானே. படிச்ச புள்ள, காரணமில்லாமலா கேப்ப" என்றார்.

விட்டுப்போகும் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மறுநாள் மோட்டார் நின்றது. பன்னிரண்டு மணிக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரகரவென்று அதே சத்தம்! மோட்டார் இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. அப்படியானால் அது சூரியன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். "கேட்டுச்சுக்கா!" என்று கத்தினேன். அவரைக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்பளம் பொரியிற சத்தமாட்டமில்ல இருக்கு" என்றார். பிறகு அவரே, "சூரியன்னா பொரியத்தானே செய்யும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தெரியாத ஒரு வாசலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

எட்டு நாளும் சத்தம் தவறவில்லை. பதினொன்றரைக்குத் தொடங்கும், இரண்டு மணிக்கு ஓயும். எட்டு நாள் போதாது என்று இன்னும் பத்து நாள் கேட்டேன். அக்கா சரி என்றார். தினமும் என்னைப் பார்த்தால், "இன்னைக்குப் பேசுச்சா தம்பி?" என்று கேட்பார். மாலையில் அவரும் மகளும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து சில பாத்திகளுக்கு ஊற்றுவதைக் கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நோட்டில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அதுவரையான பன்னிரண்டு நாள் கணக்கையும் வரைபடமாகப் போட்டுப் பேராசிரியருக்கு ஏழு பக்கம் எழுதினேன். பதிலுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. நலம் விசாரித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஏரியலைக் கழற்றிவிட்டும் கேட்டுப் பார்த்தாயா?

பன்னிரண்டு மணி வரை காத்திருந்தேன். குறடு எடுத்து நட்டைத் திருகினேன். கம்பி கையோடு வந்துவிட்டது. ஹெட்போனில் கரகர சத்தம் கொஞ்சமும் குறையாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியைத் திறந்து பென்சில் நுனியால் ஒவ்வொரு ஈயப் பற்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் தொட்டதும் சத்தம் நின்றது, எடுத்ததும் வந்தது. நான் ஈயம் சரியாகப் பிடிக்காமல் விட்ட ஒரு பற்று. மத்தியானத்தில் ஜன்னல் வழியே வெயில் பெட்டியின் மேல் விழும். மேலே தகரமும் கொதிக்கும். அந்தச் சூட்டில் பற்று விரிந்து விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. சூரியன்தான் அந்தச் சத்தத்துக்குக் காரணம். ஆனால் நான் நினைத்த வழியில் அல்ல.

இதுவரை நடந்தது என் அறியாமை, அவசரம். இதற்கு மேல் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் அப்போதே எழுந்து வேலியைத் தாண்டிப் போய், மோட்டாரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது அடி தூரம். அவர் "பேசுச்சா தம்பி?" என்று கேட்பாரே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஊரெல்லாம் வேறு சொல்லி வைத்திருந்தேன். பெட்டிக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திருச்சிக்குப் போய்விட்டேன். கூடப் படித்தவன் அறையில் ஆறு நாள் இருந்தேன். கேட்டிருந்த பத்து நாளும் அதற்குள் முடிந்துவிடும், அவராகவே மோட்டாரைப் போட்டுக்கொள்வார், நான் எதையும் சொல்ல வேண்டியிராது என்று கணக்குப் போட்டேன்.

ஏழாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை. தோட்டத்தில் சத்தமே இல்லை. வரப்பில் அந்த மாமா நின்றிருந்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

"என்ன மாப்ளே, சூரியன் இன்னும் பேசி முடிக்கலையா? ஒன் அக்கா ஒன்னய நம்பி செடியக் காயவிட்டுக்கிட்டு இருக்கு."

ஓடினேன். செடிகளின் அடியில் பூ கொட்டிக் கிடந்தது. நடந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காலில் ஒட்டியது. அக்கா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க்கா, பத்து நாள் முடிஞ்சிருச்சே, மோட்டாரப் போடலையா?"

"நீ பாதியில ஊருக்குப் போயிட்ட. விட்டுப்போன நாள வந்து கேப்பியோன்னு நிறுத்தி வச்சேன் தம்பி. இடையில போட்டுவிட்டா ஒன் கணக்குக் கெட்டுப்போயிருமே."

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியல், பற்று, தகரம், போஸ்ட் கார்டு, திருச்சிக்கு ஓடியது எல்லாம். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது இதுதான்:

"அப்ப நான் கேட்டது?"

"பெட்டியோட கோளாறுக்கா."

அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  பிறகு எழுந்து போய் ஸ்டார்ட்டரைப் போட்டார். தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "போறதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல தம்பி. மோட்டாரப் போடுங்கக்கான்னு. அம்புட்டுத்தானே."

அவர் சொல்லித்தான் கிணற்றின் கணக்கு எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் ஊற்று மெதுவாகத்தான் ஊறும். காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் எட்டு மணிக்குள் கிணறு வற்றிவிடும். பன்னிரண்டு வரை ஊற விட்டால்தான் மறுபடி இறைக்கும் அளவுக்குச் சேரும். இறைக்காமல் விட்டால் தண்ணீர் ஊற்றுக்கண் மட்டத்துக்கு ஏறி, அதற்கு மேல் ஊறுவது நின்றுவிடும். அந்த நேரத்துத் தண்ணீர் சேர்ந்து மறுநாளைக்குக் கிடைக்காது, போனது போனதுதான். சாயங்காலம் இறைக்கலாமென்றால், ஊருக்கு விளக்குப் போட்டதும் மோட்டாருக்கு வோல்டேஜ் இருக்காது. நான் கேட்டு வாங்கியது அவருடைய பாதித் தண்ணீரை, அதுவும் செடி பூத்துக் குலுங்கிய நேரத்தில்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை, கிணறு ஊறும் நான்கு மணி நேரம், அந்த மோட்டார் தினமும் தானாகவே சும்மாதான் இருந்திருக்கிறது. ஒன்பது மணிச் சூரியனும் அதே சூரியன்தான். எப்போது மோட்டார் போடுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்தப் போகம் தேறவில்லை. ஆனி வந்தது, போனது. அக்காவின் மகள் அந்த வருஷம் புதுக்கோட்டைக்குப் போகவில்லை. நான் ஹைஸ்கூலுக்குப் போய், கொஞ்சம் தாமதமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஹாஸ்டலுக்கு அனுப்பும் நிலையில் அக்கா இல்லை. நான் தருகிறேன் என்று சொல்ல என் கையில் வேலையும் இல்லை. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தருகிறேன் என்றதற்கு, "களையெடுக்க ஆளில்லை தம்பி, அவ வரட்டும் தோட்டத்துக்கு" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணோடு எட்டாவது படித்த இரண்டு பேர் சனிக்கிழமை பஸ்ஸில் ஹாஸ்டல் பெட்டியோடு வந்து இறங்கும்போதெல்லாம் நான் கொட்டகைக்குள் போய்விடுவேன்.

இப்போது அடுத்த மாசி. இந்த வருஷம் மிளகாய் நன்றாக வந்திருக்கிறது. ஆனியில் அவளைச் சேர்க்கப் போகிறார்கள், ஒரு வருஷம் பிந்தி. போன வாரம் அக்கா வேலியோரம் நின்று, "என்ன தம்பி, பெட்டி தூங்குது?" என்று தானாகவே கேட்டார்.

பற்றைச் சரிசெய்துவிட்டேன். பெட்டியை வெயில் படாத மூலைக்கு மாற்றிவிட்டேன். துருப்பிடித்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையாலேயே கழற்றி மாட்டும் திருகு வைத்திருக்கிறேன். புது அட்டையில், தினமும் ஏரியலைக் கழற்றிக் கேட்பதுதான் முதல் விதி. பங்குனி முதல் தேதியிலிருந்து காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, கிணறு ஊறும் நேரத்தில், மறுபடி கேட்கப் போகிறேன். ஒன்றும் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுதுவேன், அன்றைக்கே வேலிக்கு அந்தப் பக்கமும் போய்ச் சொல்வேன். உண்மையாகவே ஒரு நாள் சூரியன் கேட்டுவிட்டால், ஹெட்போனை முதலில் யாருக்கு மாட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஐம்பது அடி தூரத்தை நடக்கும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.